அப்பாவுக்காக வீட்டை மாற்றினால் வரி குறையுமா? அமெரிக்காவில் உள்ள வழிகள், ஓர் ஒப்பீடு

இடுப்பு எலும்பு அறுவை முடிந்து அப்பா வீடு திரும்பிய மறுநாள் பிசியோதெரபிஸ்ட் வந்தார். வந்ததும் அவர் கேட்டது ஓர் அளவு நாடா. மாடிக் குளியலறையில் மண்டியிட்டுத் தொட்டியின் விளிம்பை அளந்தார்: தரையிலிருந்து 15 அங்குலம். பிறகு அப்பாவை நிற்கவைத்து வலது காலைத் தூக்கச் சொன்னார். 7 அங்குலம் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. "மீதி 8 அங்குலத்தை நீங்கள்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும்" என்று சிரித்துக்கொண்டே நாடாவைச் சுருட்டினார்.

அந்த வார இறுதியில் விஷயத்தைக் கேட்ட நண்பர்களில் பாதிப்பேர் ஒரே ஆறுதலைச் சொன்னார்கள்: "டாக்டர் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், முழுச் செலவையும் வரியில் கழித்துவிடலாம்." இது பாதி உண்மை. மீதிப் பாதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான், எதைக் கட்டுகிறோம், எந்தப் பையிலிருந்து பணம் கொடுக்கிறோம், எந்த மாதம் கொடுக்கிறோம் ஆகிய மூன்றும் சேர்ந்தே வரியைத் தீர்மானிக்கின்றன என்பது புரிந்தது. டாக்டர் கடிதம் வாசல் கதவுதான். உள்ளே போனால் இன்னும் நிறைய அறைகள் இருக்கின்றன.

முதலில் சட்டம். மருத்துவத் தேவைக்காக வீட்டில் செய்யும் மாற்றத்தை மருத்துவச் செலவாகக் காட்ட, மத்திய வரித்துறையான ஐஆர்எஸ் அனுமதிக்கிறது. அதன் 502ஆம் எண் வெளியீட்டில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. ஆனால் அந்த மாற்றத்தால் வீட்டின் சந்தை விலை ஏறினால், ஏறிய அளவைச் செலவிலிருந்து கழித்துவிட்டு மிச்சத்தை மட்டுமே காட்டலாம். விதிமுறையிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது: இதய நோயுள்ள மனைவி படி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொன்னதால் கணவர் வீட்டுக்குள் லிஃப்ட் வைக்கிறார். செலவு 1,000 டாலர், வீட்டின் விலை ஏறியது 700 டாலர். மருத்துவச் செலவாக நிற்பது 300 டாலர்தான். அந்த விலைக்கு லிஃப்ட் கிடைத்த காலத்து விதி அது. கணக்கு முறை மட்டும் இன்றைக்கும் மாறவில்லை.

எல்லா வேலையும் வீட்டின் விலையை ஏற்றுவதில்லை. 1987இல் ஐஆர்எஸ் வெளியிட்ட ஒரு தீர்ப்புரை, வழக்கமாக விலையை ஏற்றாத வேலைகளைப் பட்டியலிட்டது. வாசலில் சாய்தளம், கதவையும் நடைவழியையும் அகலப்படுத்துவது, குளியலறையில் பிடிமானக் கம்பிகளும் மற்ற மாற்றங்களும், சமையலறை அலமாரிகளைத் தாழ்த்துவது, மின் இணைப்புகளை இடம் மாற்றுவது, படியில் ஓடும் லிஃப்ட் போன்றவை அதில் வரும். இவற்றுக்குச் செலவு முழுவதையும் காட்டலாம். வீட்டுக்குள் மேலும் கீழும் போகும் பெட்டி லிஃப்ட் மட்டும் பொதுவாக விலையை ஏற்றும் என்று அந்தப் பட்டியலிலேயே தனியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் முன்னால் இரண்டு திட்டங்கள் இருந்தன. புரிவதற்காக எண்களை முழுதாக்கிச் சொல்கிறேன்.

முதல் திட்டம்: கீழ்த்தளத்தில் பொருட்கள் போட்டுவைத்திருந்த சிறிய அறையைக் குளியலறையாக்குவது. தொட்டி இல்லாத, தடுப்புச் சுவர் இல்லாத ஷவர், சுவரில் மடக்கி இருக்கை. 24,000 டாலர். இது புதிய குளியலறை என்பதால் வீட்டின் விலை ஏறும். மதிப்பீட்டாளர் கணக்குப்படி ஏற்றம் 11,000. மருத்துவச் செலவாக எஞ்சுவது 13,000.

இரண்டாம் திட்டம்: மாடியில் இருக்கும் குளியலறையின் தொட்டியை எடுத்துவிட்டு ஷவராக மாற்றி, படிக்கட்டில் உட்கார்ந்து ஏறும் லிஃப்ட் பொருத்துவது. குளியலறைக்கு 13,000, லிஃப்டுக்கு 5,000. மொத்தம் 18,000. விலையேற்றம் இல்லை. 18,000மும் மருத்துவச் செலவு.

இரண்டிலும் பொதுவாக 3,000 டாலர் வேலை ஒன்று இருந்தது: வாசல் சாய்தளமும், 24 அங்குலக் கதவை அகலப்படுத்துவதும். சாய்தளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. எங்கள் வாசலில் 7 அங்குலமாக மூன்று படிகள். 21 அங்குலம் ஏற 21 அடி சாய்தளம் வேண்டும். வாசலில் அவ்வளவு இடம் இல்லை, நடுவில் ஒரு திருப்பம் வைத்துத்தான் கட்டினார்கள். வரைபடம் போடும் முன்பே இந்தப் பெருக்கலைப் போட்டுவிடுங்கள்.

இனி வரி. ஆண்டு வருமானம், அதாவது படிவத்தில் ஏஜிஐ என்று வரும் தொகை, 1,40,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்கிறார்கள். மருத்துவச் செலவில் அந்தத் தொகையின் 7.5 சதவீதம், அதாவது 10,500 டாலர், கணக்கில் சேராது. அதற்கு மேல் வருவது மட்டுமே கழிவு, அதாவது வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழிக்கும் தொகை. அதுவும் செட்யூல் ஏ படிவத்தில் இனம் இனமாகக் கழிவு காட்டுபவர்களுக்கு மட்டும். 2025ஆம் ஆண்டுக்கு, எதையும் காட்டாமலேயே எல்லோருக்கும் கிடைக்கும் நிலையான கழிவு, தம்பதிக்கு 31,500 டாலர். 2026இல் அது 32,200. செட்யூல் ஏ மொத்தம் இதைத் தாண்டினால்தான் பலன் தொடங்குகிறது. நண்பர்கள் சொல்லாமல் விட்ட பாதி இதுதான்.

சொத்து வரி, மாநில வருமான வரி, வீட்டுக் கடன் வட்டி, நன்கொடை எல்லாம் சேர்த்து 26,500 டாலர் என்போம். வழக்கமான வேறு மருத்துவச் செலவு 2,500. முதல் திட்டத்தில் மருத்துவச் செலவு மொத்தம் 18,500. அதில் 10,500 போனால் 8,000. 26,500உடன் சேர்த்தால் 34,500. நிலையான கழிவைவிட அதிகமாக வருவது 3,000. வரி விகிதம் 22 சதவீதம் என்பதால் கையில் மிஞ்சுவது 660 டாலர்.

27,000 செலவழித்து 660. இந்த எண்ணைத் தாளில் பார்த்தபோது மனைவி ஒன்றும் சொல்லாமல் கால்குலேட்டரை வாங்கி மறுபடி போட்டுப் பார்த்தார். அதே 660.

இரண்டாம் திட்டத்தில் மருத்துவச் செலவு 23,500. 10,500 போக 13,000. மொத்தம் 39,500. நிலையான கழிவுக்கு மேல் 8,000. மிச்சம் 1,760 டாலர். செலவும் 6,000 குறைவு, வரியும் 1,100 குறைவு. காகிதத்தில் இரண்டாம் திட்டம்தான் ஜெயிக்கிறது. ஆனாலும் நான் முதல் திட்டத்தின் பக்கம். இரவு இரண்டு மணிக்கு எழும் 78 வயதுக்காரர் அரைத் தூக்கத்தில் பட்டை மாட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறி இறங்க வேண்டாம். போதாக்குறைக்கு, ஏறிய 11,000 எங்கும் போய்விடவில்லை, வீட்டின் விலையில் இருக்கிறது. வீட்டை விற்கும்போது அடக்கவிலையில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். அந்தச் சேர்க்கையால் வரியில் பெரிய லாபம் வரும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். சொந்தமாகக் குடியிருந்த வீட்டை விற்றால் வரும் லாபத்தில் தம்பதிக்கு 5,00,000 டாலர் வரை ஏற்கெனவே வரியில்லை. லாபம் அதைத் தாண்டுகிறவர்களுக்குத்தான் இது உதவும்.

இத்தனை நேரம் ஒரே பையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னொரு பை இருக்கிறது: எச்எஸ்ஏ என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு. காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை அதிகமாக உள்ள காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்கள் இதைத் திறக்கலாம். 2025இல் குடும்பத் திட்டத்துக்கு 8,550 டாலர் வரை போடலாம், 2026இல் 8,750. நிறுவனம் போடும் தொகையும் இந்த வரம்புக்குள்தான். சம்பளத்திலிருந்து நேரடியாகப் போனால் வருமான வரி மட்டுமல்ல, சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரியான 7.65 சதவீதமும் இல்லை. 22உம் 7.65உம் சேர்ந்தால் 29.65 சதவீதம். 8,550க்கு ஏறத்தாழ 2,535 டாலர். 7.5 சதவீதத் தடை இல்லை, செட்யூல் ஏ இல்லை. எது மருத்துவச் செலவு என்ற வரையறை மட்டும் அதேதான். ஆகவே விலையேற்றத்தைக் கழிக்கும் விதி இங்கும் உண்டு.

660ஐயும் 2,535ஐயும் பக்கத்தில் வைத்தால் முடிவு தெளிவாகத் தெரிகிறது என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அந்த 2,535 வீட்டு வேலையால் வந்ததல்ல, கணக்கில் பணம் போட்டதால் வந்தது. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது உங்களுடையது. ஏற்கெனவே ஒவ்வோர் ஆண்டும் வரம்பு வரை போட்டுவருபவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. இதைப் புரிந்துகொண்டால் மூன்றாவது வழி ஒன்று தெரியும். எச்எஸ்ஏவில் முழுத் தொகையையும் போடுங்கள், ஆனால் எடுக்காதீர்கள். வீட்டு வேலைக்குக் கைப்பணத்தைக் கொடுத்து, அதைச் செட்யூல் ஏவில் காட்டுங்கள். எச்எஸ்ஏவில் போட்டதால் ஏஜிஐ 1,31,450 ஆகக் குறைகிறது. 7.5 சதவீதத் தடையும் 9,859 ஆகக் குறைகிறது. கூடுதலாகக் கழியும் தொகை 12 சதவீத விகிதத்தில் விழுவதால், முதல் திட்டத்தில் 660 என்பது 737 ஆகிறது. அது தவிர 2,535. மொத்தம் 3,272. கணக்கில் உள்ள பணம் அடுத்து வரும் மருத்துவச் செலவுகளுக்குக் காத்திருக்கும். நிபந்தனை ஒன்றுதான்: 27,000 டாலரைக் கையிலிருந்து கொடுக்கும் தெம்பு வேண்டும். தெம்பு இல்லாதவர்கள் எச்எஸ்ஏவிலிருந்து எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரே செலவை இரண்டு இடத்திலும் காட்டுவது மட்டும் கூடாது.

எச்எஸ்ஏவில் ஒரு தேதி முக்கியம். கணக்கைத் திறந்த பிறகு ஏற்பட்ட செலவுக்குத்தான் பணம் எடுக்க முடியும். கான்ட்ராக்டருக்குப் பணம் கொடுத்துவிட்டுக் கணக்குத் திறந்தால் பயனில்லை. முன்பே திறந்திருந்தால், அந்த ஆண்டுக்கான தொகையை அடுத்த ஏப்ரல் 15 வரை போடலாம். நீங்களாகப் போடுவதால் 7.65 சதவீதப் பலன் மட்டும் கிடைக்காது.

வேலை செய்யும் நிறுவனம் வழியாகக் கிடைக்கும் எஃப்எஸ்ஏ என்ற மருத்துவச் செலவுக் கணக்கு எச்எஸ்ஏவின் தம்பி, கொஞ்சம் முரட்டுத் தம்பி. 2025இல் வரம்பு 3,300 டாலர்தான், பொதுவாக இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது, ஆண்டு முடிந்தால் பெரும்பகுதி போய்விடும். அதற்கும் ஒரு நல்ல குணம் உண்டு: ஜனவரி முதல் நாளிலேயே ஆண்டு முழுத் தொகையும் பயன்பாட்டுக்கு வந்துவிடும், சம்பளத்தில் பிடித்தம் பின்னால் மெல்ல வரும். ஆண்டுத் தொடக்கத்தில் கம்பியும் கதவும் போடுகிறவர்களுக்கு இது போதும்.

மாநில வரியைப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். நியூ ஜெர்சியில் தடை 7.5 அல்ல, 2 சதவீதம். அங்கே செட்யூல் ஏ என்ற போட்டியும் இல்லை. மேலே சொன்ன 18,500இல் 2,800 போக 15,700 டாலருக்கும் கழிவு. 5.525 சதவீத விகிதத்தில் சுமார் 870 டாலர். மத்திய அரசின் வரியில் கிடைத்ததைவிட மாநில வரியில் அதிகம்! எச்எஸ்ஏவில் போடும் தொகையை மட்டும் நியூ ஜெர்சியும் கலிபோர்னியாவும் தங்கள் வரிக்கணக்கில் ஏற்பதில்லை. வர்ஜீனியாவில் வேறு மாதிரி. அங்கே அணுகல் வசதிக்காகப் பழைய வீட்டை மாற்றினால் செலவில் பாதி, அதிகபட்சம் 6,500 டாலர், வரியிலிருந்தே நேராகத் தள்ளுபடி. வேலை முடிந்த பிறகு இதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், மாநில அரசுத் துறை கேட்கும் ஆவணங்களைத் திரட்டிக்கொண்டு போங்கள். 6,500 டாலர் கழிவுக்கும் 6,500 டாலர் தள்ளுபடிக்கும் உள்ள தூரம் தெரிந்தவர்கள் வர்ஜீனியாக்காரர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். முன்னாள் ராணுவத்தினருக்குத் தனி மானியங்கள் உண்டு. மானியத்தால் ஈடான செலவைக் கழிவாகக் காட்ட முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நம்மவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி: செலவு என்னுடையது, உடம்பு அப்பாவுடையது, யார் காட்டுவது? அப்பாவின் வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் ஏற்றால், அவர் கிரீன் கார்டு வைத்திருந்தால், நீங்கள் காட்டலாம். பென்ஷன் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். சார்ந்திருப்பவராகப் பெயர் சேர்க்க அவருடைய வருமானம் 2025இல் 5,200 டாலருக்குள் இருக்க வேண்டும் என்பது உண்மை. மருத்துவச் செலவுக்கு மட்டும் அந்த வருமான வரம்பைப் பார்ப்பதில்லை. ஊரில் அரசுப் பென்ஷன் வாங்கும் தகப்பனார்கள் விஷயத்தில் இந்த ஒரு விதிவிலக்கு பெரிய உதவி. பென்ஷன் ஊர் வங்கியிலேயே சேர்ந்துகொண்டிருந்தால் அது அவருடைய வாழ்க்கைச் செலவாகவும் கணக்கில் வராது, செலவழித்தால்தான் வரும். ஆறு மாத விசாவில் வந்து போகும் பெற்றோர் கதை வேறு. வரிச் சட்டப்படி அவர்கள் இங்கே வசிப்பவர்களா என்று நாட்களை எண்ண வேண்டியிருக்கும், பெரும்பாலும் பதில் இல்லை என்றே வரும்.

அண்ணன் தம்பி சேர்ந்து செலவழிக்கும் வீடுகளில் ஒரு பள்ளம் இருக்கிறது. யாருமே பாதியைத் தாண்டவில்லை என்றால், 2120ஆம் எண் படிவத்தின் வழியாக ஒருவர் மட்டும் பெற்றோரைத் தன் கணக்கில் சேர்க்கலாம். அப்படிச் சேர்ப்பவர் தானே கொடுத்த மருத்துவச் செலவைத்தான் காட்ட முடியும். மற்றவர்கள் கான்ட்ராக்டருக்குக் கொடுத்த பணத்தை யாருமே காட்ட முடியாது. ஆகவே பிள்ளைகளுக்குள் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: கணக்கில் சேர்ப்பவர் குளியலறைக்கும் சாய்தளத்துக்கும் தன் பணத்தைக் கொடுக்கட்டும், மற்றவர்கள் மளிகையையும் பிற செலவுகளையும் ஏற்கட்டும். குளியலறைப் பணத்தையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தால் கழிவு போய்விடும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இந்தக் கணக்கில் தோற்பவர்கள் என்று நினைத்திருந்தேன். தலைகீழ். வீட்டுக்காரர் பங்கு கொடுக்காமலும் வாடகையைக் குறைக்காமலும் நீங்களே செலவழித்து ஷவர் அமைத்தால் முழுத் தொகையையும் காட்டலாம் என்று 502ஆம் வெளியீடு சொல்கிறது. விலை ஏறினாலும் அது உங்கள் வீடு அல்லவே.

எந்த மாதம் கொடுக்கிறோம் என்பதற்கு வருவோம். பணம் கொடுத்த ஆண்டுதான் கணக்கு. முன்பணத்தை டிசம்பரிலும் மீதியை ஜனவரியிலும் கொடுப்பது கான்ட்ராக்டர்களுக்கு வழக்கம். எங்கள் 18,500ஐ இந்த ஆண்டு 6,000, அடுத்த ஆண்டு 12,500 என்று பிரித்துப் பாருங்கள். முதல் ஆண்டில் 10,500 என்ற தடையையே தாண்டவில்லை. இரண்டாம் ஆண்டில் 2,000 தாண்டுகிறது, ஆனால் செட்யூல் ஏ மொத்தம் 28,500தான், நிலையான கழிவுக்குக் கீழே. இரண்டு ஆண்டிலும் பூஜ்யம். வேலையை ஒரே ஆண்டுக்குள் அடக்குங்கள். பல் சிகிச்சை, கண்ணாடி, காது கேட்கும் கருவி எல்லாவற்றையும் அதே ஆண்டுக்கு இழுத்துவந்தால் இன்னும் நல்லது. கிரெடிட் கார்டில் கொடுத்தால் கார்டில் ஏறிய தேதிதான் கணக்கு, நீங்கள் கார்டுக்குக் கட்டிய தேதி அல்ல. டிசம்பர் கடைசி வாரத்தில் இது கைகொடுக்கும்.

ஓய்வு பெற்று வருமானம் குறைந்த பெற்றோர் தாங்களே செலவழித்தால்? அவர்களுக்குத் தடை சிறியது. 50,000 டாலர் வருமானத்துக்கு 3,750தான். ஆனால் வரி விகிதமும் சிறியது, 65ஐத் தாண்டிய தம்பதிக்கு நிலையான கழிவு 2025இல் 34,700 ஆக உயர்ந்துவிடுகிறது. ஓய்வூதியக் கணக்கிலிருந்து 20,000 எடுத்துக் கட்டினால், எடுத்த தொகையே வருமானத்தில் சேர்ந்து தடையை 1,500 ஏற்றிவிடும். வீட்டு வேலையோடு பெரிய மருத்துவமனைச் செலவும் சேர்ந்த ஆண்டில்தான் அவர்களுக்கு இது லாபம்.

கடைசியாகத் தாள்கள். எங்கள் கான்ட்ராக்டர் முதலில் கொடுத்த பில்லில் ஒரே வரி: குளியலறைப் புதுப்பிப்பு, 24,000. வரி அதிகாரி கண்ணில் அது அழகுக்காகச் செய்த வேலையாகத்தான் தெரியும். மூன்று முறை கேட்டபிறகுதான் ஷவர், இருக்கை, கம்பிகள், குழாய் மாற்றம், ஓடு என்று தனித்தனியாக எழுதிக் கொடுத்தார். அழகுக்கான செலவு கழிவாகாது என்பதற்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு. முதுகெலும்பு நோய்க்காக, ஆடம்பர வீட்டின் பாணிக்கு ஏற்ப உள்ளரங்க நீச்சல் குளம் கட்டிய ஒரு குடும்பத்துக்கு 1978இல் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: மருத்துவத் தேவைக்குப் போதுமான குளத்தின் நியாயமான விலை மட்டுமே மருத்துவச் செலவு, கட்டடக் கலைக்கான கூடுதல் செலவு உங்களுடையது. எங்கள் வீட்டில் அந்தக் கலை ஓடு வடிவத்தில் வந்தது. மனைவி தேர்ந்தெடுத்த நீல ஓட்டுக்கும் கான்ட்ராக்டர் சொன்ன சாதாரண ஓட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை பில்லில் தனி வரியாகப் போடச் சொல்லிவிட்டேன். அந்த வரி கழிவுக் கணக்கில் இல்லை.

டாக்டர் கடிதத்தின் தேதி வேலை தொடங்குவதற்கு முன்பே இருக்கட்டும். புதிய அறையோ லிஃப்டோ கட்டுகிறவர்கள் முன்னும் பின்னும் வீட்டின் மதிப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். கம்பியும் கதவும் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை பொதுவாக இல்லை. பொருத்திய வசதியின் பராமரிப்புச் செலவும் அதற்கு ஆகும் மின்கட்டணமும், மருத்துவக் காரணம் தொடரும் வரை, தனியாக மருத்துவச் செலவில் சேரும்.

நாங்கள் மூன்றாவது வழியைத்தான் எடுத்தோம். எச்எஸ்ஏவை நிரப்பிவிட்டுத் தொடவில்லை, வேலைக்கான பணம் முழுவதும் அக்டோபருக்கும் டிசம்பர் 20க்கும் இடையில் போய்ச்சேர்ந்தது. புதிய ஷவரில் முதல் நாள் குளித்துவிட்டு வந்த அப்பா, நீல ஓட்டைப் பற்றிக் கேட்டார். அதற்கு வரிச்சலுகை கிடையாது என்றேன். "பரவாயில்லை, நன்றாக இருக்கிறது" என்றார்.